பரோட்டா மாவின் இழுவையும் பஞ்சாப் வயலின் வெயிலும்

எங்கள் தெருமுனைப் பரோட்டாக் கடையில் மத்தியானம் மூன்று மணிக்கு மாவு பிசைய ஆரம்பிப்பார்கள். மைதாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தண்ணீர் விட்டு மாஸ்டர் கை வைத்தால் இருபது நிமிடம் நிற்காது. ஒருநாள் பாதியிலேயே நிறுத்திவிட்டு, விரலில் ஒட்டியதை வழித்தபடி சொன்னார்: "தம்பி, இந்த மூட்டை சரியில்ல. தண்ணி அதே அளவுதான் ஊத்துனேன், கொழகொழன்னு போகுது. வீசுனா கிழியும் பாருங்க."

அதே மில், அதே விலை, அதே அச்சடித்த சாக்கு. முந்தின மூட்டை மாவு பலகையில் வீசினால் மறுபக்கம் தெரிகிற அளவுக்குக் கிழியாமல் விரிந்தது. இதுவோ கைப்பிடியிலேயே அறுந்தது. எனக்கு உயிர்வேதியியல் படிப்பு; வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு மூட்டையிலிருந்தும் நூறு நூறு கிராம் வாங்கிப் போய், தனித்தனியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கசக்கினேன். மாவுச்சத்து பால் மாதிரிக் கரைந்து ஓடியது. கடைசியில் கையில் மிஞ்சியது சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில் ரப்பர் போன்ற ஓர் உருண்டை. இதுதான் குளுட்டன்.

இரண்டு உருண்டையையும் தராசில் வைத்தேன். எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றை இழுத்தால் ஒரு சாண் நீண்டு, விட்டதும் பாதி தூரம் திரும்பி வந்தது. இன்னொன்று நான்கு விரற்கடை நீள்வதற்குள் தொய்ந்து அறுந்தது. மாவில் புரதம் எவ்வளவு என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். எந்தப் புரதங்கள், எந்த விகிதத்தில், எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று கேட்டால்தான் மாஸ்டரின் குறைக்குப் பதில் கிடைக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் துறையின் பெயர் புரோட்டியோமிக்ஸ். ஓர் உயிரிலோ, ஒரு திசுவிலோ, ஒரு தானியத்திலோ ஒரு நேரத்தில் இருக்கும் புரதங்கள் அத்தனையையும் சேர்த்துப் படிப்பது. அந்த மொத்தத் தொகுதிக்கு 'புரோட்டியோம்' என்ற பெயரை 1994-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் வில்கின்ஸ் வைத்தார். பெயர்தான் புதிது, கோதுமைப் புரதத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலை மிகப் பழையது.

நான் குழாயடியில் செய்த அதே காரியத்தை இத்தாலியின் பொலோனியாவில் யாக்கோபோ பெக்காரி 1728-இல் செய்து காட்டினார். 1745-இல் அது அச்சில் வந்தது. மாவைக் கழுவினால் இரண்டு பொருளாகப் பிரிகிறது, ஒன்று செடியின் தன்மை கொண்டது, இன்னொன்று விலங்குப் பொருள் போல இருக்கிறது என்று அவர் பார்த்தார். நம் ஊர் அல்வாக்காரர்களுக்கு இந்தப் பிரிவு கைவந்த வித்தை. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து வடிகட்டுகிறார்களே, அந்தப் பாலில் போவது மாவுச்சத்து. சக்கையோடு தங்குவதில் பெரும்பகுதி குளுட்டன். அல்வாவுக்கு மாவுச்சத்து வேண்டும், பரோட்டாவுக்குக் குளுட்டன் வேண்டும். ஒரே தானியத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்ட மாதிரி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர் தாமஸ் ஆஸ்பர்ன், கோதுமைப் புரதங்களை அவை எதில் கரைகின்றன என்பதை வைத்து நான்காகப் பிரித்தார். தண்ணீரில் கரைபவை ஆல்புமின்கள். உப்புத் தண்ணீரில் கரைபவை குளோபுலின்கள். எழுபது சதவீத ஆல்கஹாலில் கரைபவை கிளையடின்கள். நீர்த்த அமிலத்திலோ காரத்திலோ மட்டும் கரைபவை குளுட்டெனின்கள். முதல் இரண்டும் விதை உயிரோடு இருக்கத் தேவையான நொதிகள், பாதுகாப்புப் புரதங்கள். கடைசி இரண்டும் சேமிப்பு, முளைக்கும்போது கன்றுக்குச் சாப்பாடு. கோதுமைமணிப் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சேமிப்புதான். கிளையடினும் குளுட்டெனினும் தண்ணீரோடு சேர்ந்து பிசைபடும்போது உருவாவதுதான் குளுட்டன்.

இரண்டுக்கும் குணம் வேறு. கிளையடின் தனித்தனி மூலக்கூறாக, உருண்டையாகச் சுருண்டு கிடக்கும். மாவுக்கு வழுவழுப்பும் நீளும் தன்மையும் கொடுக்கும். குளுட்டெனின் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். மாவுக்கு விறைப்பையும், இழுத்து விட்டால் திரும்பி வரும் குணத்தையும் கொடுக்கும். கோப்பது கந்தகம். புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு கொக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கொக்கி மாட்டினால் ஒரு டைசல்பைடு பிணைப்பு. இப்படிக் கோத்துக் கோத்து வளர்ந்த குளுட்டெனின் வலை, இயற்கையில் உள்ள மிகப் பெரிய மூலக்கூறுகளில் ஒன்று. மாஸ்டர் மாவை ஈரத்துணி போட்டு ஊறவிடுவது, உருண்டை பிடித்து எண்ணெயில் இன்னொரு தடவை ஊறவிடுவது எல்லாம், பிசையும்போது முறுக்கேறிய இந்த வலை தளர்வதற்கான நேரம். அவசரப்பட்டு எடுத்தால் விரித்த மாவு சுருங்கிக்கொண்டே வரும்.

பரோட்டாவுக்கு வேண்டியது ஒரு நடுநிலை. குளுட்டெனின் அதிகமாகி வலை இறுகினால் ரொட்டி நன்றாக உப்பும். பரோட்டா வீச வராது. கிளையடின் ஓங்கினால் வீசும்போது தொய்ந்து கிழியும். சப்பாத்திக்கு இன்னொரு சமன் வேண்டும். 1960-களில் வந்த சி 306 என்ற உயரமான ரகத்தை வட இந்தியாவில் இன்றும் சப்பாத்திக்கு அளவுகோலாகச் சொல்வது, அந்தச் சமன் அதில் அமைந்திருப்பதால்தான். ஆக 'நல்ல கோதுமை' என்று பொதுவாகச் சொல்வதற்கு அர்த்தமில்லை. எந்தப் பலகாரத்துக்கு நல்லது என்று கேட்க வேண்டும்.

இந்தச் சமன் ரகத்துக்கு ரகம் ஏன் மாறுகிறது? 1970-களின் இறுதியிலும் 80-களிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பீட்டர் பெய்னும் கூட வேலை செய்தவர்களும் இதற்கு ஒரு தெளிவான பதில் கண்டார்கள். புரதத்தை ஜெல் என்ற கூழ்ப் படலத்தில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சினால் எடைக்கு ஏற்ப கோடுகளாகப் பிரியும். குளுட்டெனினில் எடை மிகுந்த வகைகள் சில உண்டு. ஒரு ரகத்தில் மூன்று முதல் ஐந்து கோடுகள்தான் தெரியும், மொத்தப் புரதத்தில் சிறு பங்குதான். ஆனால் ரொட்டியின் தரத்தில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குபவை இவைதான். கோடுகளுக்கு எண் கொடுத்தார்கள். 5, 10 என்ற ஜோடி உள்ள ரகங்களின் மாவு வலுவானது. அதே இடத்தில் 2, 12 என்ற ஜோடி இருந்தால் மாவு தளர்வு. ஐந்தாம் எண் புரதத்தில் ஒரு சிஸ்டீன் கூடுதலாக இருப்பது இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு கொக்கி கூடினதும் வலையே மாறிவிடுகிறது.

இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு மிகப் பிடித்தது அதை வயலுக்குக் கொண்டுபோன விதம். ஒரு கோதுமைமணியைக் குறுக்கே இரண்டாக வெட்டுவார்கள். முளை இல்லாத பாதியை நசுக்கி ஜெல்லில் ஏற்றுவார்கள். கோடுகள் சரியாக இருந்தால், முளை உள்ள மறுபாதியை மண்ணில் நடுவார்கள். செடி வளர்ந்து, மூட்டை கணக்கில் மணி சேர்ந்து, மாவாக்கி, ரொட்டி சுட்டுப் பார்க்கும் வரை பல தலைமுறை காத்திருக்க வேண்டிய முடிவு, பாதிக் கோதுமைமணியிலேயே கிடைத்துவிடுகிறது. புரோட்டியோமிக்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே, புரதத்தைப் படித்து ரகம் தேர்ந்தெடுக்கும் வேலை இப்படி நடந்துகொண்டிருந்தது.

நம் நாட்டு உதாரணம் ஒன்று. 1995-இல் வந்த பி.பி.டபிள்யூ 343 என்ற ரகம் பஞ்சாப், ஹரியானா சமவெளி முழுக்கப் பரவியது. அதன் ஒரு குரோமோசோமில் ஒரு கை கோதுமையுடையது அல்ல. ரை என்ற தானியத்திலிருந்து வந்தது. அந்தத் துண்டோடு துருநோய் எதிர்ப்பு வந்ததால் உலகெங்கும் கோதுமை வளர்ப்பாளர்கள் அதை விரும்பினார்கள். ஆனால் ரையின் கை உள்ளே வந்தபோது, அந்த இடத்தில் இருந்த சில குளுட்டெனின், கிளையடின் மரபணுக்கள் வெளியே போயின. பதிலுக்கு வந்தவை செகாலின் என்ற ரைப் புரதங்கள். இந்தத் துண்டு உள்ள ரகங்களின் மாவு பொதுவாகத் தளர்வாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். பயிரைக் காப்பாற்றிய அதே துண்டு மாவைக் கெடுக்கிறது. வயலில் பார்த்தால் இது தெரியாது, ஜெல்லில் பார்த்தால் உடனே தெரியும்.

சரி, கோடு பார்ப்பதிலிருந்து முழுத் தொகுதியைப் படிப்பதற்கு எப்படிப் போனார்கள்? 1975-இல் பேட்ரிக் ஓ'ஃபாரெல் ஒரே ஜெல்லில் இரண்டு திசையில் புரதங்களைப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். முதலில் மின்னூட்டத்தை வைத்துப் பக்கவாட்டில், பிறகு எடையை வைத்து மேலிருந்து கீழே. கோட்டுக்குப் பதில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் கிடைத்தன. புள்ளி எந்தப் புரதம் என்று சொல்ல, மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி வர வேண்டியிருந்தது. புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் எடையையும் மிகத் துல்லியமாக அளந்து, அந்தத் துண்டுகள் எந்த மரபணுவின் புரதத்தோடு பொருந்துகின்றன என்று கணினியில் தேடுவது. சிதையாமல் புரதத்தை ஆவி நிலைக்குக் கொண்டுபோகும் வழி கண்டதற்காகத்தான் ஜான் ஃபென்னுக்கும் ஜப்பானின் கொய்ச்சி தனாகாவுக்கும் 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இப்போது ஜெல்லே இல்லாமல், மொத்தச் சாற்றையும் வெட்டி, திரவ நிறப்பகுப்பு என்ற முறையில் பிரித்து நேராகக் கருவிக்குள் அனுப்புகிறார்கள். ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் அடையாளமாகின்றன.

கோதுமை இதில் மிகவும் படுத்தும் பயிர். முதல் காரணம், டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பக்கத்தில் மட்டுமே வெட்டும். குளுட்டன் புரதங்களில் மூன்றில் ஒரு பங்கு குளுட்டமின், அப்புறம் புரோலின். லைசினும் ஆர்ஜினினும் அபூர்வம். வெட்ட இடம் இல்லாமல் கத்தி வழுக்கிப் போகிறது. இரண்டாவது, கிளையடின்கள் ஒன்றுக்கொன்று ஒரே சாயல், அண்ணன் தம்பி மாதிரி. ஒரு துண்டைப் பார்த்து இது யாருடையது என்று சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவின் ஆல்பனியில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் பியூட் 86 என்ற ஒரே ரகத்தின் மாவை எடுத்துக்கொண்டு, டிரிப்சினோடு கைமோடிரிப்சின், தெர்மோலைசின் என்று மூன்று நொதிகளால் தனித்தனியாக வெட்டி, புள்ளி புள்ளியாக அடையாளம் கண்டு 2011-இல் வெளியிட்டார்கள். வருஷக்கணக்கான பொறுமை அது.

மூன்றாவது காரணம் மரபணுத் தொகுதியின் அளவு. அடையாளம் காண ஒப்பிடும் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் மரபணுத் தொகுதியிலிருந்து வர வேண்டும். நெல்லின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 40 கோடி டி.என்.ஏ. எழுத்து. 2005-லேயே படித்து முடித்துவிட்டார்கள். ரொட்டிக் கோதுமையுடையது ஏறக்குறைய 1,600 கோடி எழுத்து, மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. மூன்று வெவ்வேறு புல்லினங்களின் தொகுதிகள் ஒன்றுகூடி வந்த செடி என்பதால் ஒவ்வொரு மரபணுவுக்கும் பெரும்பாலும் மூன்று பிரதி. சர்வதேசக் கூட்டமைப்பு 2018-இல்தான் முழுமையான பட்டியலை வெளியிட்டது. அதில் உறுதியான மரபணுக்கள் மட்டும் 1,07,891. அதற்குப் பிறகு வந்த புரோட்டியோமிக்ஸ் ஆய்வுகளைத்தான் நான் முழு நம்பிக்கையோடு படிக்கிறேன்; அதற்கு முந்தியவற்றில் பல புரதங்களுக்கு நெல், பார்லி இவற்றின் பெயரையே கடன் வாங்கி வைத்திருப்பார்கள்.

மரபணுப் பட்டியலே இருக்கும்போது புரதத்தை எதற்குப் படிக்க வேண்டும் என்று என்னிடம் மாணவர்கள் கேட்பதுண்டு. வேரிலும் இலையிலும் மணியிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். ஆனால் குளுட்டெனின் மணியில் மட்டுமே உருவாகிறது. அதுவும் எவ்வளவு உருவாகும் என்பது அந்த வருஷத்து வெயிலையும் மண்ணையும் பொறுத்தது. என் பரோட்டா மாஸ்டரின் இரண்டு மூட்டையும் ஒரே ரகத்திலிருந்து வந்திருந்தாலும்கூட வேறுவேறாக இருக்க முடியும். மரபணு மாறாமல் மாவு மாறும்.

வெயில் மாற்றும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வடமேற்குச் சமவெளியில் கோதுமையை நவம்பரில் விதைக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பூத்து மணி பிடிக்கிறது. பூத்ததிலிருந்து மணி முற்றும் வரை சுமார் நாற்பது நாள். இதற்குப் பிடித்த வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். முப்பதைத் தாண்டினால் செடி அவசரப்படுகிறது, நாள் குறைகிறது. மாவுச்சத்தைக் கட்டும் நொதிகளில் ஒன்றான கரையும் ஸ்டார்ச் சிந்தேஸ் வெப்பம் தாங்காது. அது படுத்துவிட்டால் மணியில் மாவுச்சத்து ஏறுவது நின்றுபோகும். புரதம் ஏறுவது அவ்வளவாகக் குறைவதில்லை. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: நல்ல வருஷத்தில் 40 மில்லிகிராம் மணியில் 4.4 மில்லிகிராம் புரதம் என்றால் 11 சதவீதம். வெயில் வருஷத்தில் மணி 30 மில்லிகிராமாகச் சுருங்கி, புரதம் 3.9 மில்லிகிராமாக நின்றால் 13 சதவீதம். புரதம் குறைந்தது, சதவீதம் கூடியது. காகிதத்தில் இந்த மணி முதல் மணியைவிட உயர்ந்த தரம்.

ஆனால் கலவை மாறியிருக்கும். அதிக வெப்பம்பட்ட மணிகளில் குளுட்டெனினோடு ஒப்பிடும்போது கிளையடின் பங்கு கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைவிட முக்கியம், குளுட்டெனின் சங்கிலிகள் பெரிய வலையாகக் கோத்துக்கொள்வது மணி காயும் கடைசிக் கட்டத்தில்தான் வேகமாக நடக்கிறது. அந்தக் கட்டத்தை வெப்பம் கெடுத்தால் குளுட்டெனின் இருந்தும் வலை சின்னதாக நின்றுவிடும். எண்ணிக்கையில் செங்கல் சரியாக இருக்கும், சுவர் எழுந்திருக்காது. என் வீட்டுக் குழாயடியில் ஒரே எடையில் இரண்டு உருண்டை வந்து, ஒன்று அறுந்ததே, அதற்கு இது நிச்சயமாகப் பொருந்தக்கூடிய விளக்கம். அந்த மூட்டைக்கு இதுதான் நடந்தது என்று ஆய்வகம் இல்லாமல் சொல்ல மாட்டேன்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2022 காட்டியது. அந்த மார்ச் மாதம், 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச். மணி பிடிக்கிற நேரத்தில் வெயில் அடித்தது. பிப்ரவரியில் 11 கோடியே 13 லட்சம் டன் விளையும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். கடைசிக் கணக்கில் 10 கோடியே 77 லட்சம் டன்னாக நின்றது. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அரசுக் கொள்முதலில் சுருங்கின மணி 6 சதவீதம் வரைதான் ஏற்பார்கள். அந்த வருஷம் 18 சதவீதம் வரை ஏற்கும்படி தளர்த்த வேண்டியதாயிற்று. அந்தச் சுருங்கின மணியும் சரக்கு ரயிலில் ஏறித்தான் தெற்கே வருகிறது. எங்கள் மதுரையின் கூடல் நகர் ரயில் நிலையத்தில் இறங்கும் மூட்டைக்கு எந்த வயல், எத்தனை டிகிரி என்று யாரும் எழுதி அனுப்புவதில்லை. ஆனால் மணிக்குள் இருக்கும் புரதத்தில் அது பதிந்திருக்கிறது.

அடுத்த வருஷம் வேறு துன்பம். 2023 மார்ச்சிலும் ஏப்ரலிலும் அறுவடை நேரத்தில் மழை. நனைந்த மணி கதிரிலேயே முளைக்கத் தொடங்கினால், முளைக்கு உணவு கொடுக்கிற நொதிகள் விழிக்கும். ஆல்ஃபா அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கும், புரோட்டியேஸ்கள் குளுட்டனை வெட்டும். வெளிப்பார்வைக்கு முளை தெரியாத மணியிலும் இந்த நொதிகள் கூடியிருக்கலாம். அந்த மாவு பிசையப் பிசைய இளகும், கையில் ஒட்டும். மாஸ்டர் சொன்ன 'கொழகொழ' இதனாலும் வரும். வெயில்பட்ட மாவுக்கும் மழைபட்ட மாவுக்கும் கைக்கு ஒரே அறிகுறி. புரதத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் முற்றிலும் வேறு நோய்.

உரம் பற்றி ஒரு வார்த்தை. தழைச்சத்து கூடினால் புரதம் கூடும், அதிலும் கிளையடின் வேகமாகக் கூடும். மண்ணில் கந்தகம் குறைந்தால் செடி கந்தகம் தேவைப்படாத ஒமேகா கிளையடினை அதிகமாகச் செய்கிறது. அதில் சிஸ்டீனே கிடையாது, கொக்கி இல்லை. யூரியாவை மட்டும் கொட்டி கந்தகத்தை மறந்த வயலின் கோதுமை, புரதச் சதவீதத்தில் நன்றாகவும் மாவில் மோசமாகவும் வர இது ஒரு வழி.

இனி இலையும் வேரும். மணியின் தரத்தைப் படிப்பவர்களைவிட, வறட்சி, வெப்பம், உவர், நீர்தேக்கம் இவற்றுக்குச் செடி எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று படிப்பவர்கள் இப்போது அதிகம். அவர்கள் கண்டவை மோட்டாமோட்டியாக இப்படி: வெப்பம் பட்டதும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கூடுகின்றன, வெப்பத்தில் பிற புரதங்கள் குலைந்து கட்டியாகிவிடாமல் தாங்கிப்பிடிப்பது இவற்றின் வேலை. ஒளிச்சேர்க்கையின் மைய நொதியான ரூபிஸ்கோவை இயக்கும் ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் சீக்கிரம் செயலிழக்கிறது. இலை பச்சையாக இருக்கும்போதே உணவு தயாரிப்பு குறைவதற்கு இது ஒரு காரணம். வறட்சியில் டிஹைட்ரின் வகைப் புரதங்கள் சேர்கின்றன, செல் காயும்போது உள்ளே இருப்பவற்றைக் காக்கின்றன. இரண்டு நெருக்கடியிலும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், அஸ்கார்பேட் பெராக்ஸிடேஸ் போன்ற நொதிகள் கூடி, ஆக்சிஜனின் கெட்ட வடிவங்களைத் துடைக்கின்றன.

இந்த ஆய்வுகளில் ஒரு குறை எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. தொட்டியில் வளர்த்த கன்றை எடுத்து, ஒரு பெட்டிக்குள் 42 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, கூடின புரதம் இத்தனை, குறைந்த புரதம் இத்தனை என்று பட்டியல் போட்டு முடித்துவிடுகிற கட்டுரைகள் ஏராளம். வெப்ப அதிர்ச்சிப் புரதம் கூடியது என்றால் செடி சூட்டை உணர்ந்தது என்று அர்த்தம். தாங்கியது என்று அர்த்தம் ஆகாது. காய்ச்சல் வந்தவன் உடம்பு சுடுகிறது என்பதை வைத்து அவன் பிழைப்பான் என்று சொல்ல முடியாதே. பயன்படுகிற ஆய்வு என்றால் தாங்கும் ரகத்தையும் தாங்காத ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வயலிலேயே வளர்க்க வேண்டும், பகல் சூட்டோடு இரவுச் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும், பூத்த நாளிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் மணி எடுக்க வேண்டும், கடைசியில் விளைச்சலோடும் மாவின் இழுவையோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயலில் வெப்பம் காட்ட ஓர் எளிய வழி உண்டு. நவம்பரில் விதைப்பதற்குப் பதில் டிசம்பர் கடைசியில் விதைத்தால் போதும். மணி பிடிக்கும் காலம் தானாக ஏப்ரல் வெயிலில் போய் விழும். கோதுமை வளர்ப்பாளர்கள் நீண்ட நாளாகச் செய்வது இது. அந்த வரிசைகளிலிருந்து எடுத்த மணியின் புரதத்தைப் படிக்கும் ஆய்வுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். மதுரையைச் சுற்றி நெல், கம்பு, சோளம், குதிரைவாலி எல்லாம் விளையும். கோதுமைக்கு வேண்டிய குளிர் இங்கே இல்லை. ஆனால் நீலகிரியில் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் இருக்கிறது. அங்கே வருஷம் முழுவதும் கோதுமையும் இருக்கும், துருநோயும் இருக்கும். அதனால் நோய் எதிர்ப்பைச் சோதிக்க அது தேர்ந்த இடம். சம்பா கோதுமை என்று நாம் சொல்லும் பழைய வகையிலும் அங்கே வேலை நடந்திருக்கிறது. சம்பாவில் ரொட்டிக் கோதுமையின் மூன்று தொகுதிகளில் ஒன்று கிடையாது. அந்தத் தொகுதியில்தான் மணியை மென்மையாக்கும் பியூரோஇண்டோலின் என்ற இரண்டு சிறிய புரதங்களின் மரபணுக்கள் இருக்கின்றன. அவை இல்லாததால் சம்பா கல் மாதிரிக் கெட்டி. உடைத்தால் பொடியாகாமல் ரவையாகிறது. அதே தொகுதியில்தான் மேலே சொன்ன 5, 10 ஜோடியின் இடமும் இருக்கிறது. அதனால் சம்பாவின் குளுட்டன் பலவீனம். உப்புமாவுக்கும் அல்வாவுக்கும் அது போய், பரோட்டாவுக்கு வேறு கோதுமை வந்ததற்கு இரண்டு மூன்று புரதங்கள் இருப்பதும் இல்லாததுமே காரணம்.

குளுட்டன் ஒவ்வாத சிலருக்கும் இந்தப் படிப்பு உதவுகிறது. சீலியாக் நோயில் ஆல்ஃபா கிளையடினிலிருந்து வரும் 33 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு குடலில் செரிக்காமல் நிற்பதை 2002-இல் கண்டார்கள். புரோலினும் குளுட்டமினும் நிறைந்திருப்பதால் ஆய்வகத்தில் டிரிப்சின் திணறுவது மாதிரியே நம் வயிற்று நொதிகளும் அங்கே திணறுகின்றன. உணவில் குளுட்டன் கலந்திருக்கிறதா என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் தேடும்போது இப்படிப்பட்ட குறிப்பிட்ட துண்டுகளைத்தான் தேடுகிறார்கள்.

இதையெல்லாம் கடை மூடுகிற நேரத்தில் மாஸ்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப அடுத்த மூட்டை எப்படி இருக்கும்னு முன்னாடியே சொல்லிர முடியுமா தம்பி?"

மில்லில் முடியும் என்றேன். புரதச் சதவீதத்தோடு நிறுத்தாமல், குளுட்டனைக் கழுவி எடுத்து, சல்லடையில் வைத்துச் சுழற்றி எவ்வளவு ஊடுருவிப் போகிறது என்று பார்க்கும் குளுட்டன் இண்டெக்ஸ் கருவி உண்டு. வலுவான குளுட்டன் மேலேயே நிற்கும், தளர்ந்தது சல்லடை வழியே கீழே போகும். மழைபட்ட கோதுமையா என்று பார்க்க, மாவுக் கூழில் ஒரு கம்பி எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று அளக்கும் சோதனை உண்டு. இரண்டும் சில நிமிட வேலை. இரண்டையும் பார்த்து, வலுவான கோதுமையையும் தளர்ந்ததையும் அளவாகக் கலந்து அரைத்தால் மூட்டைக்கு மூட்டை இவ்வளவு வித்தியாசம் வராது. முழுப் புரோட்டியோமையும் படிக்கும் கருவி விலை கோடிக்கணக்கில். அது ரகம் உருவாக்குகிற இடத்தில் இருக்க வேண்டியது.

இப்போது அவர் புது மூட்டை பிரித்ததும் ஒரு கைப்பிடி மாவைத் தனியாகப் பிசைந்து, சொம்புத் தண்ணீரில் கழுவி, மிஞ்சிய உருண்டையை இழுத்துப் பார்க்கிறார். நீண்டால் வழக்கமான தண்ணீர். அறுந்தால் தண்ணீரை ஒரு டம்ளர் குறைத்து, முந்தின மூட்டையில் மிச்சம் வைத்திருப்பதைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்கிறார். அதற்காகவே நல்ல மூட்டையில் எப்போதும் கொஞ்சம் கட்டி வைக்கிறார்.